ஜெபத்தை நிறுத்தும் உரிமை

எங்கள் ஆச்சி பைபிளை மனசுக்குள் வாசிக்க மாட்டாள். பாளையங்கோட்டை வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பாள். தேர்தல் வந்தால் மட்டும் ஒரே அதிகாரம்தான்: ஒன்று சாமுவேல் எட்டு. வெளியே ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டுக் கேட்டுப் போவார்கள். உள்ளே ஆச்சியின் குரல் அதோடு போட்டி போடும்.

எட்டாம் அதிகாரத்தின் கதை சின்னது. இஸ்ரவேலரை வழிநடத்திவந்த தீர்க்கதரிசி சாமுவேலுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் லஞ்சம் வாங்குகிறார்கள். மூப்பர்கள் கூடி வந்து, மற்ற தேசத்தாருக்கெல்லாம் இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். ராஜா வந்தால் என்ன நடக்கும் என்று சாமுவேல் பட்டியல் போடுகிறார். உங்கள் குமாரரை எடுத்துத் தன் ரதத்துக்கு முன் ஓடவிடுவான். குமாரத்திகளைப் பரிமளதைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் வைத்துக்கொள்வான். வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வேலைக்காரர், கழுதைகள், ஆடுகளில் பத்தில் ஒன்று. கடைசியில் நீங்களே அவனுக்கு வேலையாட்கள்.

"கேட்டுக்கோல," என்பாள் ஆச்சி. "மவன எடுத்துக்கிடுவான், மவள எடுத்துக்கிடுவான், கழுதையக்கூட விடமாட்டான். அம்புட்டும் சொல்லியும் ராஜா வேணும்னுதானல கேட்டானுவ."

ஓட்டுப்போட மட்டும் அவள் தவறியதில்லை.

யூத மதத்துக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன உறவு என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தக் குரல்தான் எனக்கு முதலில் கேட்கிறது. இணையத்தில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. எல்லாமே ஏதென்ஸில் தொடங்கியது என்பது ஒன்று. சீனாய் மலையடியில், கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்று ஜனங்கள் ஒரே சத்தமாகச் சொன்னார்களே, அதுதான் முதல் வாக்கெடுப்பு என்பது மற்றொன்று. நம்மூரில் உத்திரமேரூர் கல்வெட்டை வைத்து நடக்கும் 'யார் முதல்' பந்தயத்தின் வெளிநாட்டுப் பதிப்பு. எனக்கு அதில் ருசி இல்லை. மலை புகைந்து இடி முழங்கி நிற்கும்போது 'சரி' என்று சொல்வது வாக்கெடுப்பு ஆகாது. வாக்குப்பெட்டி கிரேக்கர்களுடையது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் குறை சொல்ல வந்தவனை, வாக்கில் தோற்றவனை என்ன செய்வது என்கிற கேள்வியை யூத நூல்கள் விடாமல் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

ராஜாக்களிடமிருந்தே தொடங்கலாம். உபாகமம் 17 ராஜாவை அனுமதிக்கிறது, ஆனால் அனுமதிக்கும் விதமே விசித்திரம். குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைத் தனக்கென ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும். தன் சகோதரர்மேல் இருதயம் மேட்டிமைகொள்ளாதபடிக்கு. பக்கத்து எகிப்தில் ராஜாவே தெய்வம். இங்கே அவன் நகல் எடுக்கும் மாணவன்.

நாபோத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு திராட்சத்தோட்டம். கீரைத்தோட்டம் போட ராஜாவுக்கு அந்த இடம் வேண்டும். வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்று கேட்கிறான். பிதாக்கள் விட்டுப்போன சொத்தைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா என்ன செய்கிறான் தெரியுமா? அரண்மனைக்குப் போய், கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறான். பறித்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ராணி யேசபேலுக்குத்தான் இது வேடிக்கையாக இருக்கிறது: நீ ராஜாதானே? அவளுக்கும்கூட இரண்டு பொய்ச்சாட்சிகளும் ஒரு விசாரணையும் தேவைப்படுகின்றன. நாபோத் கல்லெறியுண்டு சாகிறான். தோட்டத்தைப் பார்க்க இறங்கிவரும் ராஜாவின் எதிரே எலியா தீர்க்கதரிசி: நீ கொலை செய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ? ஆச்சி வாசித்த பட்டியலின் வினைச்சொல்தான் இது. எடுத்துக்கொள்வான்.

ஆனால் ராஜாவைக் கேள்வி கேட்பவனுக்கு எப்போதும் எலியாவின் துணிச்சல் வாய்ப்பதில்லை, அதையும் இந்த மரபு மறைக்கவில்லை. யூதர்களை ஆண்ட யன்னாய் ராஜாவின் அடிமை ஒருவன் கொலை செய்துவிட்டான் என்றொரு கதை, ரபிகள் என்னும் யூத குருமார்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் வருகிறது. ராஜாவையும் நீதிமன்றத்துக்கு வரவழைக்கிறார்கள். வந்தவன் உட்கார்ந்துகொள்கிறான். எழுந்து நில் என்கிறார் நீதிபதி ஷிமோன் பென் ஷெத்தாக். நீ ஒருவன் சொன்னால் போதாது, உன் சகாக்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்கிறான் ராஜா. ஷிமோன் வலதுபக்கம் திரும்புகிறார். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். இடதுபக்கம் திரும்புகிறார், அங்கும் தரை. அதற்குப் பிறகுதான் 'ராஜா தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ராஜாவுக்குத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்' என்ற விதி வந்ததாம். ஒரு விதி எந்தக் கோழைத்தனத்திலிருந்து பிறந்தது என்பதை அந்த விதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்த சட்டநூல் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாமுவேலின் பட்டியலைப் பற்றியும் தல்மூதுக்குள்ளே சண்டை. அதில் உள்ளதெல்லாம் ராஜாவுக்குச் சட்டப்படி உரிமை என்கிறார் ஒருவர். ஜனங்களைப் பயமுறுத்தச் சொன்னது, அவ்வளவுதான் என்கிறார் இன்னொருவர். ஏதோ பழைய பண்டிதச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்து தன் ராஜா முதலாம் சார்லஸின் தலையை 1649 ஜனவரியில் வெட்டியபின், அது சரியா தப்பா என்று ஐரோப்பா இரண்டுபட்டபோது, அறிஞர்கள் மோதிக்கொண்டது இதே அதிகாரத்தை வைத்து, இதே கேள்வியில்தான். கொன்றது சரி என்று வாதாடிய கவிஞர் மில்ட்டன் 1651-இல் யூத ரபிகளையும் சாட்சிக்கு இழுத்தார். ஜான் செல்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதற்கும் முன்னால், 1629-இல் ராஜாவோடு மோதிச் சிறைக்குப் போனபோது, படிக்க தல்மூது வேண்டும் என்று நண்பருக்கு எழுதிக் கேட்டவர். பின்னாளில் சன்ஹெட்ரின் என்ற யூத நீதிமன்றத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் போட்டார்.

இந்தக் கூட்டத்தில் என் மனசுக்கு நெருக்கமானவர் இவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தவர்: இசாக் அப்ரவனேல். 1437-இல் லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுக்கல் ராஜாவின் நிதி விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர். அடுத்து வந்த ராஜா சதிக்குற்றம் சாட்ட, 1483-இல் உயிர் தப்பி ஸ்பெயினின் காஸ்டீலுக்கு ஓடினார். ஓடிவந்த கையோடு சாமுவேல் புத்தகத்துக்கு உரை எழுதினார். எட்டாம் அதிகாரத்துக்கு வந்ததும் மனிதர் கொட்டித் தீர்க்கிறார். நாட்டுக்கு ஒற்றுமை வேண்டும், தொடர்ச்சி வேண்டும், முழு அதிகாரம் வேண்டும், ஆகவே ராஜா வேண்டும் என்கிறீர்களா? மூன்றுக்கும் ராஜா தேவையில்லை. தலைவர்கள் பலராக இருக்கட்டும், குறிப்பிட்ட காலம் ஆளட்டும். முறை மாறும்போது அடுத்து வருபவர்கள் முந்தியவர்களின் கணக்கைப் பார்ப்பார்கள். அந்தப் பயம் இருக்கும். நம்பாவிட்டால் வெனிஸைப் பாருங்கள், பிளாரன்ஸைப் பாருங்கள், ஜெனோவாவைப் பாருங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்த வேலை? பெர்டினாண்டு, இசபெல்லா அரசவையில். 1492-இல் அதே ராஜாவும் ராணியும் யூதர்களையெல்லாம் ஸ்பெயினைவிட்டு வெளியேற்றியபோது இவரும் மூட்டை கட்டினார். அப்புறமும் நேப்பிள்ஸ் ராஜாவிடம் வேலை. ராஜாக்களை நம்பாத மனிதருக்கு ராஜாக்களைத் தவிர வேறு சம்பளம் கிடைக்கவில்லை. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1508-இல் கண்மூடியது மட்டும் வெனிஸில்.

அமெரிக்கக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் போட்ட துண்டுப் பிரசுரத்தில், முடியாட்சி ஏன் கூடாது என்பதற்குப் பக்கம் பக்கமாகச் சாமுவேலும், ராஜாவாக மறுத்த பைபிள் வீரன் கிதியோனும். "நான் உங்களை ஆளமாட்டேன், என் குமாரனும் உங்களை ஆளமாட்டான்" என்று கிதியோன் சொன்னதை அந்தக் குடியேற்றக்காரர்கள் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள். புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் இதே பெயின் பைபிளைக் கிழிகிழியென்று கிழித்தது தனிக்கதை. அதே ஆண்டு புது நாட்டுக்கு முத்திரை வேண்டும் என்றதும், செங்கடலில் பார்வோன் மூழ்கும் காட்சியைப் போடலாம் என்றார் பெஞ்சமின் பிராங்க்ளின்.

பிலடெல்பியாவின் விடுதலை மணியிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பென்சில்வேனியா சட்டசபை 1751-இல் லண்டனுக்கு ஆர்டர் கொடுத்து வார்க்கச் சொன்ன மணி. அதில் பொறித்திருப்பது லேவியராகமம் 25:10. நம் பைபிளில் "தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறக்கடவீர்கள்" என்று வரும். ஐம்பதாவது ஆண்டில் விற்ற நிலம் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிற யூபிலி சட்டம். அழகான வசனம். ஆனால் விரலை அதே அதிகாரத்தில் கீழே இறக்கி 44, 45, 46-ஐப் படியுங்கள். அந்நிய இனத்தாரில் அடிமைகளை வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாகவும் விட்டுப்போகலாம். மணியில் பத்தாம் வசனத்தைப் பொறித்தவர்கள், அதைச் சுற்றி நின்று கேட்டவர்கள் பலருடைய வீட்டில் நாற்பத்தாறாம் வசனம் நடந்துகொண்டிருந்தது. அந்த மணிக்கு விடுதலை மணி என்ற பெயரைப் பரப்பியவர்களே 1830-களில் அடிமைமுறையை எதிர்த்தவர்கள்தான். ஒரே பக்கத்தில் இரண்டும் கிடக்கின்றன. எதை மணியில் அடிப்பது என்பது வாசிப்பவர் பாடு. 'கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்மேல் கை வைக்காதே' என்ற பேச்சும் இதே சாமுவேல் புத்தகத்தில்தான் இருக்கிறது. ராஜாக்களும் மேற்கோள் காட்டத் தெரியாதவர்கள் இல்லை.

நான் சொல்லவந்தது இனிமேல்தான்.

தல்மூதில் ஓர் அடுப்புக் கதை உண்டு. துண்டு துண்டாக வெட்டி, இடையில் மணல் போட்டுக் கட்டிய ஓர் அடுப்பு தீட்டுப்படுமா, படாதா? படாது என்கிறார் ரபி எலியேசர். படும் என்கிறார்கள் மற்ற எல்லாரும். எலியேசர் எல்லா வாதத்தையும் வைத்துப் பார்க்கிறார், யாரும் அசையவில்லை. நான் சொல்வது சரியென்றால் இந்த மரம் சாட்சி சொல்லட்டும் என்கிறார். மரம் வேரோடு நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரத்தை வைத்து நிரூபிக்க முடியாது என்கிறார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. அதுவும் செல்லாது. பாடசாலைச் சுவர்கள் சாய ஆரம்பிக்கின்றன. பண்டிதர்கள் வாதாடினால் உங்களுக்கென்ன என்று ரபி யெகோசுவா சுவர்களை அதட்டுகிறார். யெகோசுவாவுக்கு மரியாதை கொடுத்து அவை விழவில்லை. எலியேசருக்கு மரியாதை கொடுத்து நிமிரவுமில்லை. இன்னும் சாய்ந்தபடியே நிற்கின்றனவாம். கடைசியில் வானத்திலிருந்தே குரல்: எலியேசரோடு உங்களுக்கென்ன வழக்கு, அவன் சொல்வதே சரி. யெகோசுவா எழுந்து நின்று, உபாகமத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடவுளுக்கே பதில் சொல்கிறார்: "அது வானத்திலே இல்லை." சட்டம் பூமிக்கு வந்துவிட்டது, பெரும்பான்மை எதுவோ அதுதான் தீர்ப்பு. அதைக் கேட்டுக் கடவுள் சிரித்தாராம்: என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்.

யூத ஜனநாயகம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சிரிப்போடு கதையை முடித்துவிடுவார்கள். இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். ஒன்று, பெரும்பான்மைக்கு ரபிகள் காட்டும் ஆதாரம் யாத்திராகமம் 23:2. அதை எடுத்துப் பாருங்கள். "தீமைசெய்யத் திரளானபேர்களைப் பின்பற்றாதிருப்பாயாக" என்றுதான் தொடங்குகிறது! பெரும்பான்மையின் பின்னால் போகாதே என்று எச்சரிக்கும் வசனத்தின் வாலைப் பிடித்துப் பெரும்பான்மைக்குச் சட்டம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டாவது, கதை சிரிப்போடு முடியவில்லை. அன்றைக்கே எலியேசர் சுத்தம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். வாக்கெடுத்து அவரைச் சமூகத்தைவிட்டு விலக்கினார்கள். யார் போய்ச் சொல்வது? பக்குவமில்லாத ஆள் போய்ச் சொன்னால் உலகமே அழிந்துவிடும் என்று ரபி அக்கீவா போகிறார். கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்காருகிறார். ஏன் இன்றைக்கு வித்தியாசமாக இருக்கிறாய் என்கிறார் எலியேசர். "ரபி, உங்கள் தோழர்கள் உங்களை விட்டு விலகியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது." கிழவர் உடையைக் கிழித்து, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து அழுகிறார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கருகிப்போகிறது. சபைத் தலைவர் கமாலியேலின் கப்பலை அலை மூழ்கடிக்க வருகிறது.

கமாலியேலின் தங்கை இம்மா ஷாலோம், எலியேசரின் மனைவி. கணவர் முகங்குப்புற விழுந்து மன்றாடினால் அண்ணன் செத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காவல் இருக்கிறாள். ஒருநாள், அந்த மன்றாட்டு இல்லாத அமாவாசை நாள் இன்றுதான் என்று அவள் போட்ட கணக்குத் தப்பியது என்கிறார்கள். வாசலில் பிச்சைக்காரன் வந்தான், ரொட்டி எடுத்துக் கொடுக்கப் போனாள் என்றும் சொல்கிறார்கள். திரும்பி வந்தால் கணவர் தரையில் கிடக்கிறார். "எழுந்திரும், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்" என்கிறாள். அப்போதே சாவுச் செய்தி வருகிறது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கிறார். என் தாத்தா வீட்டில் கேட்டிருக்கிறேன் என்கிறாள்: எல்லா வாசலும் அடைக்கப்படலாம், புண்பட்டவர்களின் வாசல் மட்டும் அடைபடாது.

தீர்ப்பு மாறவில்லை. பெரும்பான்மை சொன்னதுதான் சட்டம். ஆனால் தோற்றவனை நடத்திய விதத்துக்கு ஜெயித்தவன் உயிரால் கடன் அடைத்தான். பெரும்பான்மை ஆட்சிக்கான சாசனத்தையும் அதன்மீதான குற்றப்பத்திரிகையையும் ஒரே கதையில் வைத்திருக்கிறார்கள்.

இதே புத்தி தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பிலும் தெரிகிறது. தோற்ற கருத்தையும் ஏன் பெயர் போட்டு எழுதி வைக்கிறோம் என்று ஓரிடத்தில் கேட்டுக்கொள்கிறார்கள். நாளைக்கு வரும் ஒரு நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொள்ள நேரலாம் என்பது பதில். உயிர்போகும் வழக்கில் இருபத்துமூன்று நீதிபதிகள். விடுவிக்க ஒரு வாக்கு அதிகம் போதும், தண்டிக்க இரண்டு வேண்டும். இளையவர்கள் முதலில் பேச வேண்டும், பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் யார் மாற்றிப் பேசுவார்கள்? இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால் அவனை விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு கருத்து தல்மூதில் உண்டு. எதிர்த்துப் பேச ஒருவன்கூட இல்லையென்றால் அங்கே ஏதோ சரியில்லை.

நடைமுறை? மத்திய கால ஐரோப்பாவின் யூதச் சமூகங்கள் தாங்களே வரி போட்டுக்கொண்டு, தாங்களே நிர்வாகிகளைத் தேர்ந்துகொண்டு வாழ்ந்தவை. பெரும்பான்மை சிறுபான்மையைக் கட்டுப்படுத்துமா என்று பார்சிலோனாவின் ரபி சாலொமோன் இப்ன் அத்ரெத் போன்றவர்கள் பதில்மேல் பதில் எழுதினார்கள். கட்டுப்படுத்தும் என்றார் அவர். பிரான்சின் ரப்பேனு தாம் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. போலந்தில் நான்கு நாடுகளின் பேரவை என்று ஒரு நாடாளுமன்றமே 1764 வரை கூடியது. ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். பணக்காரர்களும் அவர்கள் மாப்பிள்ளைமார்களும்தான் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் அந்தச் சமூகங்களில் ஒரு வழக்கம் இருந்தது, அதற்கு எந்த நாடாளுமன்றத்தையும் ஈடாகக் கொடுப்பேன். குறை உள்ள எவரும் ஜெப ஆலயத்தில் எழுந்து ஜெபத்தை நிறுத்தலாம். மோசேயின் வேதமான தோராவை வாசிக்கவிடாமல் மறிக்கலாம். விதவையாக இருக்கட்டும், அநாதையாக இருக்கட்டும், என் வழக்கைக் கேட்காதவரை இங்கே கடவுளுக்கும் வேலையில்லை என்று நிற்கலாம். ஊரே நின்றபடி காத்திருக்கும். தொந்தரவு அளவுக்குமீறிப் போகாமல் இருக்க ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ரப்பேனு கெர்ஷோம் பெயரால் விதிமுறைகள்கூட வழங்கின. ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். நம்மூர்க் கோயிலில் தீபாராதனை நேரத்திலோ, சர்ச்சில் பிரசங்க நேரத்திலோ ஒரு பெண் எழுந்து, என் கூலிப்பாக்கி வரும்வரை மணியடிக்காதே என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட மரபுதான் 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் பின்னாளில் பெரிய தத்துவவாதியான இருபத்துமூன்று வயது ஸ்பினோசாவை விலக்கிவைத்தது. யாரும் அவனோடு பேசக் கூடாது, எழுதியதைப் படிக்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது. அக்கீவா தள்ளி உட்கார்ந்த அதே நான்கு முழம். 1670-இல் பெயர் போடாமல், பொய்யான ஊர்ப்பெயரில் வெளியிட்ட நூலில், ஆட்சிமுறைகளில் மனித இயல்புக்கு மிக நெருக்கமானது ஜனநாயகம் என்று ஸ்பினோசா எழுதினார். அதற்கடுத்து அவர் அலசி ஆராயும் நாடு எது? மோசேயின் எபிரேயர்களுடையது. விலக்கிய வீட்டின் நடுமுற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு வாசல் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள் பதித்த தரை, மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். போன டிசம்பரில் நண்பரோடு போயிருந்தேன். செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கால் ஓடுகளைத்தான் பார்க்கிறார்கள்; ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பார்கள். நான் முன்கூடத்தின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஷ்னாவில் ஒரு வாக்கியம்: மனிதன் ஏன் ஒற்றையாகப் படைக்கப்பட்டான்? 'என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்' என்று ஒருவனும் சொல்லாதிருக்க. அதைப் படித்தவர்கள்தான் இங்கே விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம் என்று ஒரு பிரிவைப் பெஞ்சில் உட்காரவிடாமல், தோரா வாசிக்க அழைக்காமல், முன்கூடத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். சாதி எந்தக் கடலையும் தாண்டிவந்தவனையும் விடாது போல. அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் படித்து வக்கீலானவர், காங்கிரஸ்காரர், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அவர் சத்தியாக்கிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். புறக்கணித்தார், மறித்து உட்கார்ந்தார், வாதாடினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆண்டுக்கணக்கில். தடைகள் ஒவ்வொன்றாகத்தான் விழுந்தன. யூதக் காந்தி என்று அவரைச் சொல்வதுண்டு. காந்தியிடம் கற்றதா, மைன்ஸ்காரர்களின் பழைய வழக்கமா என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு. இரண்டும் ஒரே இடத்தில்தான் உட்காருகின்றன, வழியில்.

வெளியே வந்து நடக்கையில் தெருப்பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார் நண்பர். ஏ.பி.சேலம் ரோடு.

"யாருங்க இது, நம்ம சேலத்துக்காரரா?"

இல்லை என்று சொல்லி அடுப்புக் கதையிலிருந்து ஆரம்பித்தேன். மரம் நகர்ந்து, வாய்க்கால் திரும்பி, சுவர் சாய்ந்துகொண்டிருக்கும்போதே படகுத்துறை வந்துவிட்டது. எர்ணாகுளம் படகு புறப்படத் தயாராக நின்றது. "அப்புறம் சுவர் விழுந்துச்சா இல்லையா?" என்றார் நண்பர், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டே.